இடது கண் மங்கல், ஜன்னலோர மேசை தேவை

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. நேற்று மதியம் அக்கா போனில் அழுதாள்; அதிலிருந்து திருடினேன். முதலிலேயே ஒப்புக்கொண்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

அக்கா மருந்துத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். முப்பது பேருக்கு மேலே, மேனேஜருக்குக் கீழே. இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற நாற்காலி.

2

"காலை ஆறு மணிக்கு இயந்திரங்கள் விழித்துக்கொண்டன..." (அடித்துவிட்டேன். இயந்திரமாவது விழிப்பதாவது! அக்காதான் போய்ப் பொத்தானை அமுக்குவாள்.)

"அந்தக் கணினி ஒரு கொடிய..." (இதுவும் வேண்டாம். கணினியை வில்லனாக்கினால் மற்ற எல்லோரும் தப்பித்துவிடுவோம்.)

நடந்ததையே சொல்கிறேன். யாரை எந்த மேசையில் உட்கார வைப்பது என்று முன்பெல்லாம் அக்காதான் முடிவு செய்வாள். அதற்காக, யாருக்கு என்ன முடியும், என்ன முடியாது என்று பன்னிரண்டு வருஷமாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள். போன வருஷம் அந்த வேலை ஒரு டேப்லெட் கணினிக்குப் போனது. "உங்க அனுபவத்தை இதுக்கும் சொல்லிக் குடுங்க மேடம், ஆளுங்களைப் புரிஞ்சுக்கட்டும்" என்றார் மேனேஜர். அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து நோட்டு முழுவதையும் அதில் ஏற்றினாள்.

3

விசில் என்று ஒருவர்.* மாத்திரை அட்டைகளில் குறை பார்ப்பவர். நேற்று அவரைப் பற்றி டேப்லெட்டில் ஒரு கடிதம் வந்தது. அவரை எதிரில் உட்கார வைத்து அக்கா வாசித்துக் காட்ட வேண்டும். இப்போதெல்லாம் சூப்பர்வைசர் வேலை என்றால் பெரும்பாலும் இதுதான்.

பணிநீக்கம். காரணம்: "இடது கண் மங்கல். ஜன்னலோர மேசை தேவை."

அது அக்காவின் வாக்கியம். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"நான் எழுதினதுடா! அவருக்கு வெளிச்சமா ஒரு இடம் குடுக்கத்தானே எழுதி வெச்சேன்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வாசிச்சியா?"

"ரெண்டு வரி. 'கண்ணு விஷயம் கம்பெனிக்கு எப்படிம்மா தெரியும்? உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்'னு கேட்டாரு. வயித்து வலின்னு சொல்லி எழுந்து வந்துட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு மறுபடியும் வாசிக்கணும்."

(* வேலை செய்யும்போது சீட்டி அடிப்பாராம். நான் பார்த்ததில்லை. கல்யாண வயதில் அவருக்கு ஒரு மகளை வைத்துப் பார்த்தேன், உங்களை அழவைக்க. வெட்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.)

4

இன்று காலை, முடிவுகளை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா டேப்லெட்டைப் போட்டு உடைக்கிறாள். (கைதட்டுவீர்கள். கடிதம் வேறொரு டேப்லெட்டில் வரும்.)

அக்கா வாசிக்கிறாள், விசில் மன்னிக்கிறார். (பச்சைப் பொய்.)

அந்த வரி தன் நோட்டிலிருந்துதான் போனது என்று அக்கா அவரிடம் சொல்...

இங்கே போன் அடித்தது.

"என்னடா பண்ற?"

"எழுதிட்டிருக்கேன்."

"எதை?"

காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். அவளுக்குப் பின்னால் இயந்திரங்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"உன்கிட்ட மட்டும்தானேடா சொன்னேன்" என்றாள்.

வைத்துவிட்டாள்.

5

மணி ஒன்பது ஐம்பது. இந்நேரம் அந்த அறைக்குப் போயிருப்பாள். முடிவை உங்களிடமே விடுகிறேன். என்ன தோன்றினாலும் மனசோடு வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து எங்கேயும் எழுதி வைக்காதீர்கள்.