மேய்க்க ஒரு ஆள் போதாது

கிட்ட வாங்கோ செல்லங்கள், இந்தக் காற்றாடிச் சத்தத்தில் என் குரல் அங்கே எட்டாது. ஒரு நாயைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததைப் பொறுக்க முடியாமல் எரிந்துகொண்டிருந்த ஒருத்தியின் கதை சொல்லப்போகிறேன்.

கொழும்பில், கொட்டாஞ்சேனையில் இமெல்டா என்றொரு மனுசி. கல்யாணம் கட்டவில்லை, வீட்டில் தனி ஆள். ஆதரவில்லாமல் கிடந்து மீட்கப்பட்ட நாய்களை, நல்ல வீடு கிடைக்கும்வரை தன்னோடு வைத்துப் பார்ப்பாள். எத்தனையோ வந்து போயின. ஒன்றுக்கும் அவள் அழுததில்லை, பிங்கோ வரும்வரை.

பிங்கோ கறுப்பும் வெள்ளையுமான கோலி நாய். ஆடு மாடு மேய்க்கிற இனம். சொந்தக்காரர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட, வாசல் கேற்றில் கட்டினபடியே எலும்பும் தோலுமாய்க் கிடந்தது. இமெல்டாதான் தேற்றி எடுத்தாள். பின்னேரமானால் அது அவள் உட்கார்ந்திருக்கும் கதிரையைச் சுற்றும். வாசலுக்குப் போய்ப் பார்க்கும். திரும்பி வந்து மறுபடியும் சுற்றும். "என்மேல அவ்வளவு பாசம்" என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடி வீட்டில் இருந்த சிவமணியும் அவள் புருசன் நாகேந்திரமும் நாயைக் கேட்டு வந்தார்கள். நல்ல சனம், கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முதல் மாதத்துக்குள் வளர்த்தவள் போய்ப் பார்க்கலாம். குறை கண்டால் திருப்பி எடுக்கலாம். இமெல்டா அதையே பிடித்துக்கொண்டு ஒருநாள் வந்து இறங்கினாள்.

நாய் பாய்ந்து வந்தது, அவளை மோந்து பார்த்தது, வாலை ஆட்டியது. அப்போது குசினிக்குள் இருந்து சிவமணி "மணியன்!" என்று கூப்பிட்டாள். அவ்வளவுதான், திரும்பி ஓடிவிட்டது. இமெல்டாவின் நெஞ்சை அம்மியில் வைத்து அரைத்த மாதிரி இருந்தது.

"பேரையும் மாத்திட்டீங்களா, மிஸிஸ் நாகேந்திரம்?"

"பிங்கோ எண்டு கூப்பிட இவருக்கு வெக்கமாம், அக்கா. ஒழுங்கை முழுக்கக் கேக்குமாம்."

இமெல்டா நாயின் காதைத் தூக்கிப் பார்த்தாள், உண்ணி இல்லை. தண்ணீர்ச் சட்டியை மோந்தாள், சுத்தம். பல்கனிக் கம்பியைப் பிடித்து ஆட்டினாள், அசையவில்லை. நாயின் மயிர் மினுங்கியது. தன்னிடம் இருந்தபோது இப்படி மினுங்கவில்லையே என்று நினைக்க, இன்னும் எரிந்தது.

நாகேந்திரம் பகிடிக்காரர். சும்மா இருக்கவில்லை.

"மாடு மேய்க்கிற நாயெண்டு சொன்னினம், அக்கா. மாட்டைக் காணேல்லை, என்னையெல்லோ மேய்க்குது! பேப்பரோட பல்கனியில இருக்க விடாது. குதியில தட்டித் தட்டி, இவ இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து விட்டிட்டுத்தான் படுக்கும்."

அவர் குதிக்காலில் சின்னக் கீறல். இமெல்டாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

"இது கடி."

"கடியில்லை அக்கா, பல்லு பட்டது."

"பல்லு பட்டா அதுக்குப் பேர் கடிதான். இங்க பிங்கோவுக்குச் சந்தோஷம் இல்ல. நான் கூட்டிட்டுப் போறேன்."

சிவமணியின் முகம் செத்துப்போனது. "அக்கா... இவர் இப்பதான் என்னோட ஒரு மேசையில இருந்து சாப்பிடுறார். எத்தினை வருசம், இவர் பல்கனியில, நான் ரீவிக்கு முன்னால. இது வந்தாப் பிறகுதான்..."

கேட்டவளுக்கு இரக்கம் வரவேணுமே? வரவில்லை பிள்ளையள். இவளுக்குப் புருசனும் வேணும், என் நாயும் வேணுமோ என்றுதான் வந்தது. நாயின் கழுத்தில் வாரைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள். நாயும் துள்ளிக்கொண்டு கூடவே இறங்கியது. வென்றுவிட்டோம் என்று இமெல்டாவுக்கு முகம் மலர்ந்தது.

ஓட்டோ காத்துநின்றது. நாய் அதற்குள் ஏறவில்லை. இமெல்டாவைப் பார்த்தது, மாடிப்படியைப் பார்த்தது. ஒரே இழுவை. வார் கையை விட்டுப் போனது, நாய் படியேறி ஓடியது. மேலே சத்தம் கேட்டது: "ஏய், ஏய், சாரம்! சாரத்தை விடு!" கொஞ்ச நேரத்தில் இடுப்புச் சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி நாகேந்திரமும், கண்ணைத் துடைத்தபடி சிவமணியும் படியிறங்கி வந்தார்கள். பின்னால் இடமும் வலமுமாய் ஓடி ஓடி அந்த நாய். இரண்டு பேரையும் இமெல்டாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தது. பிறகு இமெல்டாவின் குதியிலும் மெல்ல ஒரு தட்டு. நெருங்கி நில் என்கிற மாதிரி.

"ஒக்கோமத, அம்மே?" எல்லாரும் ஏறுகிறீர்களா என்று ஓட்டோக்காரன் சிங்களத்தில் கேட்டான்.

மூவரையும் ஒருதரம் சுற்றிவிட்டு, பெருமூச்சு விட்டு, அவர்கள் காலடியிலேயே நாய் படுத்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் அது ஒருநாளும் இப்படிப் படுத்ததில்லை. கதிரையைச் சுற்றியது, வாசலைப் பார்த்தது, திரும்பவும் சுற்றியது. இமெல்டாவுக்கு இப்போதுதான் விளங்கியது. மற்ற ஆட்கள் எங்கே, எங்கே என்றல்லவா அது தேடியிருக்கிறது.

குனிந்து வாரை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு சிவமணியிடம் நீட்டினாள்.

"பிடி, தங்கச்சி. மணியன் நல்ல பேர்தான்."

பொறாமை போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? எங்கே போகும்! தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிய, பேக்கரியில் மீன்பணிஸ் வாங்கிக்கொண்டு வருகிறாள். சிவமணி மூக்கைச் சுளிக்கச் சுளிக்க, "பிங்கோ!" என்று ஒழுங்கை அதிரக் கூப்பிடுகிறாள். நாய் அவளை நேரே சாப்பாட்டு மேசைக்கு ஓட்டிக்கொண்டு போய், நாகேந்திரத்துக்கும் சிவமணிக்கும் நடுவில் விட்டுவிட்டுப் படுத்துவிடும்.

உங்கள் வீட்டிலும் சோறு போடும் நேரம் ஒருத்தரும் தனிமூலையில் இல்லாமல் இருக்கட்டும், என் செல்லங்கள். எரிச்சலோடு வருகிற ஆளுக்கும் அந்த மேசையில் ஒரு கதிரை இருக்கட்டும். நல்லாயிருங்கோ.