லூசியா அத்தையின் வெள்ளைச் சேலை

ஒருவருக்குக் கொடுத்த சத்தியத்தை அவர் செத்த பிறகு நீங்கள் எத்தனை நாள் காப்பாற்றுவீர்கள்? ஜோன்சனால் அரை நாள்கூட முடியவில்லை.

லூசியா அத்தை 2004இல், லுணுகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் செத்துப்போனாள். தாயில்லாத ஜோன்சனை வளர்த்தவள் அவள்தான். கொழும்பில் கடையில் வேலைக்கு நின்றவன் ரயிலும் பஸ்ஸும் மாறி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தபோது மத்தியானம். உடம்பைக் குளிப்பாட்டியிருந்தார்கள். உடுத்தத்தான் சேலை இல்லை.

தன் அடக்கத்துக்கென்று அத்தை ஒரு வெள்ளைச் சேலை வாங்கி வைத்திருந்தது லயத்துக்கே தெரியும். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளன்று அதை வெயிலில் காயப்போடுவாள்; கடைசி இரண்டு வருஷம் காயப்போடாததை யாரும் கவனிக்கவில்லை. அன்றாடம் ஆறு மணிக்கு ஜெபமாலை சொல்லி, கடைசியில் பெயர் பெயராக வேண்டுவாள். கங்காணியின் மூட்டுவலியும் வரும், பக்கத்து வீட்டு இராக்கம்மாவின் காணாமல்போன ஆடும் வரும். "இந்தம்மா முடிக்கிறதுக்குள்ள சாமிக்கே மூச்சு வாங்கும்" என்பாள் இராக்கம்மா.

அதே இராக்கம்மாதான் இப்போது அத்தையின் காலித் துணிப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சாவி யாரு இடுப்புல இருந்துச்சு? மருமகளே, நீயே சொல்லு."

"மாதா மேல சத்தியமா நான் பாக்கலக்கா" என்றாள் சஜீவனி.

"பாக்காமலா வித்த?"

ஜோன்சன் உட்கார்ந்தான், எழுந்தான், தண்ணீர்ப் பீலிக்குப் போய்க் குடிக்காமலே திரும்பினான். சஜீவனியின் புருஷன், அத்தையின் மகன் கிஷாந்தன், வாசலில் தலையைக் குனிந்திருந்தான். சேலை எங்கே போனதென்று அவனுக்கும் தெரியும். அவன் சொல்லட்டும் என்று ஜோன்சன் காத்திருந்தான். அவன் வாசல் மண்ணைக் காலால் கிளறிக்கொண்டிருந்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் கல்யாணச் சேலை வாங்கப் பதுளைக்குப் போன கிஷாந்தன் வெறுங்கையோடு, சாராய வாடையோடு வந்தான். அத்தை அவனை ஏசவில்லை. பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கு வந்திருந்த ஜோன்சனிடம் வெள்ளைச் சேலையைக் கொடுத்தாள்.

"இத தையக்கட வாஹித் நானாகிட்ட குடுத்து சரிகை வச்சுத் தச்சிட்டு வா. நான் செத்தா என்னத்தையாவது சுத்துவாங்க. அந்தப் புள்ளைக்கு மட்டும் தெரியவே கூடாது." மாதா சுரூபத்தின் காலில் ஜோன்சனின் கையை வைத்து அழுத்தினாள்.

"என்னா, ஊமையா நிக்கிற? ஒனக்கும் பங்கு குடுத்தாளா?" என்று இராக்கம்மா இப்போது ஜோன்சனிடம் திரும்பினாள்.

"சேலைய யாரும் விக்கல" என்றான் ஜோன்சன். "சஜீவனி கல்யாணத்துக்குக் கட்டுனது அதுதான்." வாஹித் நானா கடைக்குத் தானே கொண்டுபோனதையும் சொன்னான். எதற்காக என்பதைச் சொல்லவில்லை. எல்லோரும், அன்று சேலை வாங்கப் போன கிஷாந்தனைப் பார்த்தார்கள்.

சஜீவனி மட்டும் ஜோன்சனைப் பார்த்தாள்.

"அப்ப சவத்துக்கு வச்ச துணியிலயா எனக்குத் தாலி ஏறுச்சு?"

பதிலுக்கு நிற்காமல் அவள் உள்ளே போனாள். தன் பெட்டியிலிருந்து சேலையைக் கொண்டுவந்து அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒரு பிளேடு இருந்தா குடுங்க."

சரிகையைத் தையல் தையலாகப் பிரித்தாள். கொஞ்ச நேரத்தில் இராக்கம்மாவும் வந்து மறு முந்தியைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தச் சேலையிலேயே லூசியா அத்தையை அடக்கம் பண்ணினார்கள். கரையோரம் ஊசி ஓட்டைகள் தெரிந்தன.