பன்னிரண்டாவது ரூமில் ஒரு காது

லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படிகளில் ஓடினார் ஹலோ சார். மணி ஒன்று நாற்பது. இரண்டு மணிக்கு டைரக்டர்கள் கூட்டம். அதற்குள் பன்னிரண்டு மீட்டிங் ரூம்களின் மைக்குகளுக்கும் புது பாஸ்வேர்டு போட்டாக வேண்டும். பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதை ஏனோ கடைசிக்குத் தள்ளியிருந்தார்.

மைக்கைச் சோதிக்கும்போதெல்லாம் ‘ஹலோ, ஹலோ’ என்பதால் வந்த பெயர். சொந்தப் பெயரை ஆபீசில் யாரும் கூப்பிடுவதில்லை; வீட்டில் கூப்பிட ஆளே இல்லை.

செல்போன் அதிர்ந்தது. நெட்வொர்க் பாதுகாப்பைக் கவனிக்கும் மேடம்.

“எல்லா மைக்குக்கும் பாஸ்வேர்டு ஒண்ணு ரெண்டு மூணு நாலா? எல்கேஜி பாப்பாவைக் கேட்டிருந்தா இதைவிடக் கஷ்டமா சொல்லியிருக்குமே சார்!”

“வாங்கும்போதே போட்டு வந்தது மேடம்…”

“நம்ம ஆபீஸ் ஆள் எவனோ ரெண்டு மாசமா பன்னெண்டாவது ரூம் மைக்கை ஒட்டுக்கேட்டிருக்கான். தினம் லஞ்ச் டைம்ல. அப்ப அங்க மீட்டிங்கே கிடையாது. காலி ரூம்ல என்னத்தைக் கேட்டான்?”

“தெரியல மேடம்.”

“ரெண்டு மணிக்குள்ள பூட்டலேன்னா நாளைக்கு நீங்க வர வேண்டாம்.”

பன்னிரண்டாவது ரூம். நீள மேஜை. இருபது நாற்காலி. நடுவில் மைக். மூச்சிரைக்க லேப்டாப்பை இணைத்தார். திரையில் ஒரு வரி: ‘கேட்பவர்: 1’.

இப்போதும் இருக்கிறது அந்தக் காது!

புது பாஸ்வேர்டை அடித்தார். பட்டனை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. விரல் இறங்க மறுத்தது. ஒன்று ஐம்பத்தேழு. வராந்தாவில் பூட்ஸ் சத்தம்.

மைக்கோடு இணைந்த கூரை ஸ்பீக்கர் கரகரத்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். கேட்டேயிராத குரல்.

“இன்னிக்கு ஏன் ஒண்ணுமே பேசல? சாப்டீங்களா?”

அந்தக் கேள்வியை அவரிடம் யாராவது கேட்டு எத்தனை வருஷம்!

“இனிமேதான்,” என்றார். அழுத்தினார். திரையிலிருந்த ஒன்று, பூஜ்யமானது.

கதவு திறப்பதற்குள் குனிந்து, மேஜைக்கடியில் காலையிலேயே வைத்திருந்த தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். இரண்டு மாதம் முன்பு இங்கே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் திரையில் அந்த ‘1’ முதன்முதலில் முளைத்தது. அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றியிருக்க வேண்டும். அவரோ, நாற்காலியை மைக்குக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.