முதல் செங்கல்

கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் உத்தமன் ஒரு மேசைக்காக அலைந்தான். மகள் தமயந்தி காதலிக்கும் நரேனின் அம்மா விஜயலக்ஷ்மி பேங்க் அதிகாரி. பையனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம்: “ஞாயித்துக்கிழமை பார்க் ஸ்ட்ரீட்ல அந்தப் புது ஓட்டல்ல பேசுவோம். ஒரு டேபிள் பிடிக்கத் தெரியாத மனுஷாளோட என்ன சம்பந்தம்?”

பூத்திலிருந்து ஓட்டலுக்குப் போன் செய்தால், டேபிள் இல்லை, பூஜைப் பண்டிகை முடிந்து வா என்றார்கள்.

“விடுப்பா. நரேனோட அம்மா வேண்டாம்னு சொல்ல வழி தேடறாங்க,” என்றாள் தமயந்தி.

“சும்மா இரு பாப்பா. கெரசினுக்கே எடம் பிடிச்சவன் நான்.”

கெரசின் கடையோ, குழாயடியோ, இந்த ஊரில் ஆளுக்குப் பதில் செங்கல் வரிசையில் நிற்கும். அதை நகர்த்த யாருக்கும் கை வராது. ஞாயிறு விடியலில் ஓட்டல் வாசலில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு உத்தமன் வேலைக்குப் போனான்.

சாயங்காலம் வந்து பார்த்தால் அதன் பின்னால் ஓட்டை பக்கெட், ஹெல்மெட், ஒற்றைச் செருப்பு என்று வரிசை தெருமுனை திரும்பியிருந்தது. செருப்புக்கு முன்னால் யார் என்று இரண்டு கார்க்காரர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டுப் போட்ட மேனேஜர் வெளியே வந்து, முதல் செங்கல்லை இரண்டு கைகளாலும் மரியாதையாகத் தூக்கினார்.

“எத்தனை பேர்?” என்று செங்கல்லையே கேட்டார்.

“நாலு,” என்றான் உத்தமன். செங்கல்லை எண்ண மறந்துவிட்டான்.

உள்ளே நாலே நாற்காலி. “டேபிள் இவர் பேர்ல, அண்ணா. இவர் எழுந்தா அடுத்தது பக்கெட்,” என்று மேனேஜர் செங்கல்லை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டு கட்டினார். தமயந்தியும் நரேனும் அவன் அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். உத்தமன் சுவரோரம் நின்றான்.

“இவர் யாரு?” என்று விஜயலக்ஷ்மி செங்கல்லைக் காட்டிக் கேட்டாள்.

“எங்க பக்கத்துப் பெரியவர்,” என்றாள் தமயந்தி.

விஜயலக்ஷ்மி கும்பிட்டாள். “அதிகம் பேசமாட்டார் போலிருக்கு. நல்ல குணம்.” செங்கல்லுக்கும் சூப் வந்தது. அவள் திரும்பாமலே டம்ளரைப் பின்னால் நீட்டினாள். “கொஞ்சம் தண்ணி ஊத்துப்பா.”

உத்தமன் ஜக்கை எடுத்து ஊற்றினான்.

“அப்பா எங்கம்மா? இன்னும் வரலியா?”

“உங்களுக்குத் தண்ணி ஊத்தறாரே, அவர்தான் ஆன்ட்டி.”

விஜயலக்ஷ்மியின் டம்ளர் அந்தரத்தில் நின்றது. நரேன் எழுந்து நாற்காலியைத் தள்ளினான். “உக்காருங்க மாமா.”

“வேணாம் தம்பி. நின்னு பழக்கம்தான்.”

நரேன் உட்காரவில்லை. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உத்தமன் பக்கத்தில் போய் நின்று சாப்பிட ஆரம்பித்தான். ஓட்டல் முழுக்கப் பார்த்தது.

விஜயலக்ஷ்மி மகனைப் பார்த்தாள், தமயந்தியைப் பார்த்தாள். கடைசியில் செங்கல் பக்கம் திரும்பினாள். “பெரியவர் நீங்க என்ன சொல்றேள்?”

செங்கல் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

“அப்புறம் நான் மட்டும் என்ன சொல்றது,” என்று பெருமூச்சு விட்டாள். “தையில தேதி பாருங்கோ.”

ஜக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு, உத்தமன் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினான்.