நாற்பத்திரண்டாவது மேசை

பட்டியலில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன. மேசைகள் நாற்பத்திரண்டு. புதன்கிழமை காலை மூன்றாவது முறையாக எண்ணிப் பார்த்தும் அப்படித்தான் வந்தது. கையில் வயர்ச் சுருளோடு நடுக்கூடத்தில் நின்று விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, கணக்குப் பிரிவுப் பெண்கள் இருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சுற்றுலா கூட்டிப்போன பிள்ளைகளை எண்ணுகிற வாத்தியார் மாதிரி இருந்திருப்பேன்.

அலுவலகங்களுக்கு இணைய போன் மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. பழைய போனையும் அதன் கம்பியையும் கழற்றிப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்கு வருகிற அதே வயரில் புது போனைச் செருக வேண்டும். பேச்சும் அதில்தான் வரும், கரண்டும் அதில்தான் வரும். ஒவ்வொரு போனின் வயிற்றிலும் பன்னிரண்டு எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதைப் பட்டியலில் உள்ள பெயருக்கு நேராகப் பதிந்துவிட்டு வயரைச் செருகினால், ஒரு நிமிடத்தில் போன் கண் விழித்து, திரையில் அந்த ஆளின் பெயரையும் எண்ணையும் காட்டும். தன் பெயரைத் திரையில் பார்த்துச் சிரிக்காத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. எவ்வளவு சிடுமூஞ்சியாக இருந்தாலும் அந்த ஒரு நொடி உதடு விரியும்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக மாட்டிக் கொடுத்த இடத்தில், முதல் ஒரு மாதத்துக்கு எந்த போன் உயிரில்லாமல் கிடந்தாலும், அதற்கு வருகிற அழைப்பு என் கடை மேசையில் உள்ள போனுக்கு வந்து சேரும்படி வைத்துவிடுவேன். கூட்டிப் பெருக்குகிறவர் காலில் இடறி வயர் கழன்றால்கூட, அவர்கள் புகார் சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இது நானாகக் கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனம் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பட்டியலில் இல்லாத அந்த மேசை, கிடங்குக் கதவை ஒட்டிய மூலையில் இருந்தது. பம்பு மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்கிற அந்தக் கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவு என்றால் அந்த ஒற்றை மேசைதான். பத்தொன்பது வருடமாக அதில் உட்கார்ந்திருப்பவர் என் அக்காவின் கணவர். ‘என் சரக்கு எப்போது வரும்’ என்று கேட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிற அழைப்பெல்லாம் அவருக்குத்தான் போகும். யார் கேட்டாலும் முதலில் “நாளைக்கு வந்துடும்” என்பார். பிறகு போனை வைத்துவிட்டு, கிடங்குக்கும் லாரிக்காரனுக்கும் நடுவே ஓடி, அதை மறுநாளே வரவும் வைத்துவிடுவார். அலுவலகத்தில் அவருக்கு ‘நாளைக்கு சார்’ என்றே பெயர்.

ஈ ஓட்டிக்கொண்டிருந்த என் கடைக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். யார் காதில் எப்போது போட வேண்டுமோ அப்போது போட்டு, மூன்று மாதம் பொறுத்து முடித்துக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். “சொந்தக்காரனுக்குப் புடிச்சுக் குடுத்தான்னு ஒரு சொல் வரக் கூடாது மாப்ளே. உள்ள நீ யாரோ, நான் யாரோ.” அதனால் உள்ளே அவர் என்னை ‘தம்பி’ என்பார், நான் அவரை ‘சார்’ என்பேன். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வோம்.

நிர்வாக மேலாளர் மேடம்தான் பட்டியல் கொடுத்தவர். அவர் அறைக்குப் போய், ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று சொன்னேன். அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

“விட்டுப்போகலை. அந்த மேசைக்குத் தேவைப்படாது.”

இனிமேல் சரக்கு எங்கே வருகிறது என்று வாடிக்கையாளர்கள் தாங்களே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வார்கள் என்றார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவரைக் கூப்பிட்டுச் சொல்லப்போவதாகவும், அதுவரை விஷயம் இந்த அறையைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னார். கெட்ட மனுஷி என்று சொல்ல முடியாது. சொல்லும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு போன் மிச்சமிருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

“அப்போ அங்கயும் ஒண்ணு வெச்சிடுங்க. எல்லாருக்கும் வந்து அவருக்கு மட்டும் வரலைன்னா சந்தேகம் வரும். வெள்ளிக்கிழமை எடுத்துடலாம்.”

அவர் என் அக்கா புருஷன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எண்ணிப் பார்த்தால் நாலே சொல். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம், இது நல்லபடியாக முடிந்தால் மற்ற இரண்டு கிளைகளையும் எனக்கே தருவதாக இருக்கிறார்கள் என்றார். அதற்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். அதற்காக இல்லை என்றும் சொல்ல மாட்டேன். “சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவர் சொன்ன ரகசியம் என்னிடம் பத்திரமாக இருந்தது. அந்த வகையில் நான் நாணயமானவன்தான்.

அன்று மத்தியானம் கிடங்குப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அங்கே யாரும் வர மாட்டார்கள் என்பதால் அத்தானும் மாப்பிள்ளையுமாகப் பேசிக்கொள்ளலாம். தன்னுடன் முன்பு வேலை பார்த்த ஒருவர் தனியாகக் கிடங்கு தொடங்கியிருக்கிறார் என்று அத்தான் சொன்னார். சரக்கு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்ள விவரமான ஆள் வேண்டுமாம், ஒரு மாதமாக இவரைக் கூப்பிட்டபடி இருக்கிறாராம். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவாராம். மகள் கல்லூரியில் கடைசி வருடம். தனக்கு வயது ஐம்பத்து மூன்று. இந்த வயதில் புது இடத்தில் போய் ‘அ’னா ‘ஆ’வன்னாவிலிருந்து தொடங்க வேண்டுமா என்று ஒரு மனசு, போனால்தான் என்ன என்று இன்னொரு மனசு. சொல்லிக்கொண்டே டப்பாவை மூடினார்.

“நீ என்ன மாப்ளே சொல்ற?”

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். எனக்கு மடி கனத்தது. கேட்டவர் யாரோ அல்ல. என் அக்காவை இருபத்து நாலு வருடமாக ஒரு சொல் கடிந்து பேசாதவர். எனக்குக் கடை வைக்க இடம் பார்த்துக் கொடுத்து, பலகையை ஏணியில் ஏறித் தன் கையால் மாட்டியவர்.

“உங்க இஷ்டம் அத்தான். யோசிச்சு செய்யுங்க” என்றேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் மேசைக்குப் போனேன். போன் வருகிறது என்று தெரிந்ததும் மேசையைத் துடைத்து, பழைய ரசீதுக் கட்டுகளைக் கீழே இறக்கி, இடது பக்கம் கை எட்டுகிற தூரத்தில் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார். நூற்று நாற்பத்திரண்டு என்று எண் போட்டேன். அவர் பெயரை நான்தான் அடித்தேன். போன் கண் விழித்து அதைக் காட்டியபோது அவரும் எல்லோரையும் போலவே சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

“பத்தொன்பது வருஷத்துல எனக்குன்னு ஒரு நம்பர் இப்பதான் தம்பி.”

அது உண்மை. அதுவரை அவருக்கு வருகிற அழைப்பெல்லாம் வரவேற்பு மேசை வழியாகத்தான் வரும். கைபேசியைக் கிடங்குப் பிரிவுக்காரர்கள் காலையில் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அக்கா அவசரத்துக்குக் கூப்பிட்டால் வரவேற்பில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். இனிமேல் நேராகக் கூப்பிடலாமா என்று கேட்டார். கூப்பிடலாம், கம்பெனி எண்ணோடு 142 சேர்த்து அழுத்தினால் போதும் என்றேன்.

ஒவ்வொரு பொத்தானாகக் காட்டினேன். இது காத்திருக்க வைப்பது, இது இன்னொருவருக்கு மாற்றுவது, இது மியூட். இதை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்காது என்றேன். சுற்றிலும் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “கல்யாணத்தன்னிக்கே இந்த ஒரு பொத்தானை உங்கப்பா சீரா குடுத்திருக்கலாம்” என்றார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும்.

வேலை முடிந்ததும் வெளியே ஓர் அழைப்பு போட்டுப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். வாய் தானாக அதைச் சொல்லிவிட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து, எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். அந்தக் கிடங்குக்கார நண்பரின் எண் அது. மன்னித்துக்கொள்ளுங்கள், இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது, இப்போதுதான் எனக்குப் புது போன் எல்லாம் வைத்திருக்கிறார்கள், இந்த நேரத்தில் விட்டுவிட்டுப் போனால் நன்றாக இருக்காது என்றார். எதிர்ப்பக்கம் ஏதோ வற்புறுத்தியது. அத்தான் சிரித்துக்கொண்டே இல்லை இல்லை என்றார். நான் மேசைக்கு அடியில் குனிந்து, ஏற்கெனவே சரியாகச் செருகியிருந்த வயரைப் பிடுங்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடுங்கியிருந்தால் அந்த அழைப்பாவது அறுந்திருக்கும். பிடுங்கவில்லை.

அடுத்து அக்காவுக்குப் போட்டார். எண்ணை எழுதிக்கொள்ளச் சொல்லி, எழுதியதைத் திருப்பிப் படிக்கவும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நான் அங்கே போகவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று காரணம் இருந்தது. இந்த போன்களுக்கு நேரில் போகவே வேண்டாம், கடையில் உட்கார்ந்தபடியே எண்ணைக் கொடுக்கலாம், எடுக்கலாம். நாலு மணிக்கு 142-ஐ எடுத்துவிடவும் என்று மேடம் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தார். நாலு அடித்ததும் எடுத்தேன். சொன்ன நேரத்துக்குச் செய்து கொடுப்பவன் என்ற பெயர் எனக்கு இருக்கிறது.

நாலு ஐந்துக்கு என் மேசை போன் அடித்தது. தன் பக்கத்து மேசைக்காரரின் போனிலிருந்து அத்தான் பேசினார். பதற்றத்தில் அவர் வைத்த நிபந்தனையை அவரே மறந்துவிட்டிருந்தார்.

“மாப்ளே, என் போன்ல பேரு போயிடுச்சு. திரை மட்டும் எரியுது, உள்ள ஒண்ணுமில்ல. என் கை எங்கயாவது பட்டுடுச்சா?”

அவர்கள் இன்னும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கவில்லை. பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவருக்குச் சேதி சொல்லும் முன்பே நான் பெயரை அழித்திருந்தேன்.

“நாளைக்கு வந்து பாக்கறேன் அத்தான்” என்றேன்.

அவருக்குப் பின்னால் ஒரு பெண் குரல், மேடம் கூப்பிடுகிறார் என்றது. “இரு, மேடம் கூப்பிடறாங்களாம். போன் விஷயமாத்தான் இருக்கும். நீ ஒண்ணும் கவலைப்படாத, உன்மேல தப்பு இல்லைன்னு நான் சொல்லிடறேன்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சனிக்கிழமை நான் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் பேசினேன். அவருக்குத் தலைவலி, படுத்திருக்கிறார் என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. வழக்கமாக அழுகையை மறைக்கிறபோது வருகிற கரகரப்பைத் தேடிப் பார்த்தேன், அதுவும் இல்லை. சொல்லியிருப்பார், அக்கா தைரியசாலி, தாங்கிக்கொண்டாள் என்று நானே ஒரு கதை கட்டி, அதற்குள் படுத்துத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் கடை போன் அடித்தது. திரையில் மேல் வரியில் அக்கா வீட்டு எண். கீழ் வரியில் சின்ன எழுத்தில் ‘142-க்கு வந்த அழைப்பு’. உயிரில்லாத போனுக்கு வருகிறதெல்லாம் எனக்கு வரும்படி நான் வைத்த ஏற்பாடு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. மூன்றாவது முறை அடித்தபோது ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினேன். அழுத்திய கையோடு, ஏன் என்று தெரியாமலே, மியூட்டையும் அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஏங்க, நான்தான். சாப்பாட்டை மேசையிலயே வெச்சிட்டுப் போயிட்டீங்களே. காலைலயும் சரியா சாப்பிடலை.”

அவர் சொல்லவில்லை. வழக்கம்போலச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வழக்கமான நேரத்துக்கு வேலைக்குக் கிளம்பியிருக்கிறார். எங்கே போனாரோ, எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரோ.

“ஹலோ? கேக்குதாங்க? நான் வேணா கொண்டு வரட்டுமா, வாசல்லயே குடுத்துட்டு வந்துடறேன்.”

நான் ஏதோ சொன்னேன். ‘அக்கா’ என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். விளக்கு சிவப்பாகவே எரிந்தது.

“சத்தமே வரலையே. சரி, ஆள் யாராவது பக்கத்துல இருப்பாங்க.” கொஞ்ச நேரம் காத்திருந்தாள். “இல்ல, போன்தான் சரியில்லையா? தம்பிகிட்ட சொல்லுங்க, வந்து பாப்பான். உங்களுக்குன்னா ஓடி வந்துடுவான்.”

அவள் வைக்கவில்லை. அவள் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் துல்லியமாகக் கேட்டது. நல்ல கருவிதான், குண்டூசி விழுந்தாலும் கேட்கும் என்று சொல்லித்தான் நான் விற்பேன். மியூட் பொத்தானின் மேல் என் விரல் இருந்தது. திரையில் ஒரு நிமிடம் பத்து, ஒரு நிமிடம் பதினொன்று என்று நொடிகள் ஏறிக்கொண்டிருந்தன. “ஹலோ” என்றாள் இன்னொரு முறை, மெதுவாக.