படத்தில் தெரியாத கை

1

இந்தக் கதை அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறை வாசலில் எனக்குக் கிடைத்தது. "கழுத்தை யாராவது திருப்பினாங்களா?" என்று உள்ளே ஒரு டாக்டர் கேட்டார். பதில் வருவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் உட்சுவர் கிழிந்தால், ரத்தம் சுவருக்குள் புகுந்து…"

வேண்டாம். டாக்டர் வேஷம் எனக்குப் பொருந்தாது.

ரோஸி இரட்டைப் பெண்களைப் பெற்றவள். அப்படிப்பட்டவள் கை பட்டால் சுளுக்கு விட்டுப்போகும் என்று ஆவடி குவார்ட்டர்ஸில் எல்லாரும் அவளைத் தேடி வருவார்கள். [நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். கழுத்து பிடித்துக்கொண்டால் நானும் போய் நிற்பேன்.] கணவன் ஜேம்ஸ் கழுத்து வலிக்கிறது என்றான். எண்ணெய் தடவி ஒரே திருப்பு. மறுநாள் அவனுக்குத் தலை சுற்றியது, நடை தள்ளாடியது.

(முதல் பிரதியில் திருப்பியது சலூன்காரர். பழியை வெளியாள் தலையில் கட்டிவிட்டு, ரோஸியை அழ மட்டும் விட்டிருந்தேன். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.)

3

ஆஸ்பத்திரியில் தலையை மட்டும் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் டாக்டர் கிருஷ்ணப்பிரியா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல மேடம்," என்றான் ஜேம்ஸ் அவசரமாக. பெண்டாட்டியைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

ரோஸி கணக்குப் போட்டாள். வாயைத் திறந்தால் புருஷனைப் படுக்கவைத்தவள் என்ற பெயர். திறக்காவிட்டால் இந்த மனுஷன் மாத்திரையோடு வீட்டுக்குப் போய், ராத்திரி—

[இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.]

"நான்தான் மேடம் திருப்புனேன். அந்தாளு பொய் சொல்லிகினுகீறாரு."

4

ஊசியில் மருந்து ஏற்றி, கழுத்திலிருந்து உச்சிவரை மறுபடி படம் எடுத்தார்கள். பின்கழுத்து வழியாக ஏறும் ரத்தக்குழாய் மண்டைக்குள் நுழையும் இடத்தில் கிழிந்திருந்தது. சுவருக்குள் ரத்தம் பிறைபோல் உறைந்திருந்தது. நீங்கள் சொன்னதால்தான் நேரத்தோடு தெரிந்தது, மருந்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

"கிழிச்சது என் கைதானா மேடம்?"

"இருக்கலாம். முன்னாடியே கிழிஞ்சு, அதனாலதான் அந்த வலியே வந்திருக்கலாம். படத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாதும்மா."

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் கைதான் காரணம். அதன்பிறகு அவள் யார் கழுத்தையும் தொடுவதில்லை. மற்றதில் கிழிசல் முன்பே இருந்தது, நிம்மதியாக அழுகிறாள். டாக்டருக்கே தெரியாததை எனக்குத் தெரிந்தமாதிரி எழுத வெட்கமாக இருக்கிறது. இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

வார்டில் ஜேம்ஸ் கண் விழிக்கிறான்.

"ரோஸி, தலகாணி உறுத்திகினுகீது. கழுத்த லேசா தூக்கேன்."

"இருங்க, நர்ஸ கூப்புடுறேன்."

"நர்ஸு வாணாம். நீயே தூக்கு."

அவள் கட்டிலருகே நிற்கிறாள். நான் பேனாவை மூடிவிட்டேன். இனி அந்தக் கை உங்களுடையது.