சொல் வரும்வரை

தைபே நகரத்து நீதிமன்றங்களில் யுன்ரு எழுந்து நின்றால் எதிர்த்தரப்பு வக்கீல் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். கையில் தாள் இருக்காது, குரல் உயராது, ஆனால் வாதம் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வாதத்தை வரிக்கு வரி எழுதித் தருவது கூட வேலை பார்க்கும் வக்கீல் சிஹாங் என்பது அவர்கள் சட்ட அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். "மூளை அவன், வாய் இவள்" என்பது அங்கே பழகிப்போன கேலி.

சிஹாங்குக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவனை யாரும் வாதாட அனுப்பவில்லை. யாரும் கூடாது என்றும் சொல்லவில்லை; அந்தப் பேச்சே எழவில்லை, அவ்வளவுதான். அலுவலகக் கூட்டங்களில் அவன் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்துவிடுவார். அன்பாகத்தான். அதிகம் எடுத்துக்கொடுத்தவள் யுன்ருதான்.

ஜுவாங் என்ற பஸ் ஓட்டுநர் அம்மாளின் வழக்கு வந்தபோதுதான் அது மாறியது. ஓய்வே இல்லாமல் மாற்றி மாற்றி வேலை கொடுத்ததில் ஒரு நாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தம்மாவுக்குப் படபடப்பு வந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, பயணிகளை இறக்கிவிட்டு, டிப்போவுக்குப் போன் செய்திருக்கிறார். பயந்துபோய்ப் பாதி வழியில் வண்டியைப் போட்டுவிட்டுப் போனார் என்று கம்பெனி வேலையைவிட்டு நீக்கிவிட்டது.

மத்தியானம் எல்லோரும் பெட்டிச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சிஹாங் வாயைத் திறந்தான். "ஜுவாங் கேஸ்ல நா... நா..."

"நானே எழுதிடறேன்னா?" என்றாள் யுன்ரு, சாப்ஸ்டிக் குச்சிகளை ஒன்றோடொன்று உரசிக்கொண்டே.

"இல்லக்கா. நானே வா... வாதாடுறேன்."

ஒரே கல்லூரியில் அவளுக்கு இரண்டு வருடம் இளையவன். அந்தப் பழக்கத்தில் அக்கா. அலுவலகத்தை நடத்தும் யோ மேடம் சூப்பைக் கீழே வைத்தார்.

"உன் திறமையில எனக்குச் சந்தேகமே இல்லப்பா. ஜட்ஜோட பொறுமைய நினைச்சாத்தான் கவலையா இருக்கு."

"ஜ... ஜட்ஜுக்காக நீங்க ஏன் மேடம் கவலைப்படுறீங்க?"

யாரோ சிரித்துவிட்டார்கள். யோ மேடமும் சிரித்தார், ஆனாலும் விடவில்லை. "கட்சிக்காரம்மா சம்மதிக்கணும்ல?"

"கேட்டுட்டேன். பஸ்ல ஏறிட்டு டிக்கெட் கா... கார்டைத் தேடுறவங்களுக்காக நான் தினம் காத்து நிக்கிறேன், உங்களுக்காக நிக்கமாட்டேனான்னாங்க."

சாயங்காலம் லிஃப்ட் அருகே யுன்ரு அவனை நிறுத்தினாள். "எம்மேல ஏதாவது கோபமா சிஹாங்?"

"இல்லக்கா. நான் எழுதினத நீங்க ரொம்ப நல்லாச் சொல்றீங்க. பின்னாடி உக்காந்து கேக்கும்போது மட்டும், அது யா... யாரோட கேஸோ மாதிரி இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. அதோடு இன்னொன்றும் இருந்தது. இந்த வழக்கில் தான் எழுந்து நிற்க வேண்டாம் என்ற நிம்மதி. ஒவ்வொரு விசாரணைக்கும் கிளம்பும் முன் அவள் அலுவலகக் கழிப்பறையில் வாந்தி எடுப்பாள். பிறகு உப்பில் ஊறிய பிளம் பழம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, வக்கீல் அங்கியை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் புறப்படுவாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

விசாரணை நாளன்று அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிஹாங் எழுந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "மாண்புமிகு நீதிபதி அவர்களே, எனக்குத் தி... திக்கும். நேரம் கொஞ்சம் கூடுதலா ஆகும். யாரும் சொல் எடுத்துக்குடுக்க வேணாம். காத்திருந்தாப் போதும்."

நீதிபதி அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்துவிட்டு, "சொல்லுங்க," என்றார்.

அவன் சொன்னான். நின்று நின்று, சில இடங்களில் கண்ணை மூடி, தாடை இறுகி, ஆனால் ஒரு வாதத்தையும் சுருக்காமல் சொன்னான். எந்தச் சொல் வராதோ அதைத் தவிர்த்து எளிதான வேறொன்றைப் போடுவது அவனுக்குக் கைவந்த கலை. அன்று அதைச் செய்யவில்லை என்பதை யுன்ரு கவனித்தாள்.

"என் கட்சிக்காரர் வண்டியை நிறுத்தக் காரணம், ப... ப..."

சத்தம் நின்றுபோனது. உதடுகள் ஒட்டிக்கொண்டன. யுன்ருவுக்கு அந்தச் சொல் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. மேஜைக்கடியில் தன் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் சும்மா இருந்தாள்.

"பயம்னு சொல்ல வர்றார்," என்றார் கம்பெனி வக்கீல் பெங், சிரித்தபடி. "நாங்களும் அதைத்தானே சொல்றோம்?"

சிஹாங் அவரைத் திரும்பிப் பார்த்தான். முகம் சிவந்திருந்தது. "அது இல்ல. இருங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "பெங் வக்கீல், அவர் முடிக்கட்டும்."

அறையே காத்திருந்தது.

"பா... பாதுகாப்பு," என்றான் சிஹாங். "பயணிகளோட பாதுகாப்பு. பயந்தவங்க வண்டியை விட்டு ஓடியிருப்பாங்க. இவங்க கடைசி ஆள் இறங்குற வரைக்கும் பிரேக்ல இருந்து காலை எடுக்கல."

தீர்ப்பு அந்தம்மாவுக்குச் சாதகமாக வந்தது. வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் யுன்ருவின் மனதில் தங்கியது தீர்ப்பில்லை. அத்தனை பேர் பார்க்க, வெறும் மௌனத்துக்குள் ஒருவன் நிமிர்ந்து நின்றானே, அதுதான். தனக்கு அந்தத் தைரியம் ஒரு நாளும் இருந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வழக்கு முடிந்து நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தபோது அவள் சொல்லிவிட்டாள். "ஒவ்வொரு கேஸுக்கு முன்னாடியும் நான் வாந்தி எடுக்கறேன் சிஹாங்."

"தெரியும்கா. ஆபீஸ் சு... சுவர் ரொம்ப மெல்லிசு."

"அடப்பாவி! எல்லாருக்கும் தெரியுமா?"

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தோம்." கொஞ்சம் யோசித்தான். "அது தப்புதான். கே... கேட்டிருக்கணும்."

யோ மேடத்திடம் சொல்ல அவளுக்கு இன்னும் சில நாள் பிடித்தது. மேடம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு, தான் வருடக்கணக்காகத் தூக்கத்துக்கு மாத்திரை போடுவதைச் சொன்னார். யுன்ரு விடுப்பு எடுத்து டாக்டரைப் பார்த்தாள். வாதாடுவதை விடவில்லை, எல்லா வழக்கையும் தானே சுமப்பதை விட்டாள். கூட்டங்களில் ஒருவர் பேச்சை இன்னொருவர் முடிக்கும் பழக்கமும் மெல்லக் குறைந்தது. அது குறைந்த பிறகுதான், இத்தனை நாள் வாயே திறக்காதவர்கள் எத்தனை பேர் அங்கே இருந்தார்கள் என்று தெரிந்தது.

சிஹாங் தன் அடுத்த வழக்கில் தோற்றான். நீதிமன்றப் படியில், மழையில், அங்கியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பை, சாட்சியை, வராத டாக்சியை எல்லாம் சேர்த்துத் திட்டித் தீர்த்தான். ஒரு சொல்கூடத் திக்கவில்லை.

"திட்டும்போது மட்டும் எப்படிடா இவ்வளவு சரளமா வருது?" என்று குடையை அவன் பக்கம் சாய்த்தாள் யுன்ரு.

"சி... சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்கா," என்றான். கோபம் இன்னும் தீரவில்லை. "அப்பீல் போறோம்."

"போறோம்," என்றாள் அவள்.